எண்டர்பிரைஸை எங்கே கட்டியிருக்க வேண்டும்?

‘ஸ்டார் டிரெக்’ தொடரின் எண்டர்பிரைஸ் விண்கப்பல் எங்கே கட்டப்பட்டது என்ற கேள்விக்கு 1968 முதல் இன்றுவரை குறைந்தது நான்கு விடைகள் வந்துவிட்டன: சான்ஃபிரான்சிஸ்கோ கடற்படைத் தளம், பூமியின் சுற்றுப்பாதை, செவ்வாய், அயோவா மாநிலத்து வயல்வெளி. நான்கும் ஒரே கப்பலைப் பற்றியவை அல்ல. அந்தப் பெயரில் பல கப்பல்கள் கதையில் வந்துபோயிருக்கின்றன. செவ்வாயில் பிறந்தது கதைப்படி 24ஆம் நூற்றாண்டுக் கப்பல். மற்ற மூன்று விடைகளும் கேப்டன் கர்க்கின் கப்பலைக் குறிப்பவை. ஆனால் ரசிகர்களின் வாதம் இந்த வேறுபாட்டோடு ஓய்ந்துவிடுவதில்லை. இவ்வளவு பெரிய விண்கப்பலை எங்கே கட்டினால் நம்பும்படி இருக்கும் என்ற பொதுக் கேள்வியாக அது வளர்ந்துவிட்டது.

2008 ஜனவரியில் அது உச்சத்தைத் தொட்டது. ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய புதிய படத்தின் முதல் முன்னோட்டத்தில் தீப்பொறி பறக்க வெல்டிங் செய்யும் தொழிலாளிகள் வந்தார்கள். கேமரா மெல்லப் பின்வாங்க, அவர்கள் நிற்பது எண்டர்பிரைஸின் வட்டத் தட்டின் மேல் என்று தெரிந்தது. விண்வெளி உடுப்பு யாரும் அணிந்திருக்கவில்லை. கப்பல் தரையில் கிடந்தது. ஒன்றரை நிமிடம்கூட ஓடாத அந்தக் காட்சி, நாற்பதாண்டுப் பழைய நம்பிக்கை ஒன்றைச் சீண்டிவிட்டது.

இந்த விவாதத்தில் ‘பொருத்தம்’ என்ற சொல் மூன்று அளவுகோல்களுக்குப் பொதுப்பெயராக இருக்கிறது. கதையில் ஏற்கெனவே சொல்லப்பட்டதோடு ஒத்துப்போகிறதா என்பது ஒன்று. இயற்பியலும் பொறியியலும் அனுமதிக்குமா என்பது இன்னொன்று. மூன்றாவது, கதையின் மனநிலைக்கு அந்த இடம் பொருந்துகிறதா என்பது. வாதிடுபவர்கள் பெரும்பாலும் ஒன்றில் தோற்கும்போது அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். வாதம் முடியாமல் நீள்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

சான்ஃபிரான்சிஸ்கோ: பலகையும் புத்தகமும்

1966இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய மூலத் தொடரில், கப்பலின் கட்டளை அறைச் சுவரில் ஒரு சிறு பலகை உண்டு. கப்பலின் பெயர், வகுப்பு, அதன்கீழ் சான்ஃபிரான்சிஸ்கோ, கலிஃபோர்னியா. அமெரிக்கப் போர்க்கப்பல்களில் பதிக்கும் பலகையின் சாயல் அது. அந்த ஊர் கப்பல் கட்டப்பட்ட இடமா, பதிவுபெற்ற துறைமுகமா என்று பலகையில் இல்லை.

தெளிவான விடையை முதலில் தந்தது 1968இல் வந்த ‘தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் டிரெக்’ என்ற நூல். ஸ்டீபன் விட்ஃபீல்டும் தொடரின் கர்த்தாவான ஜீன் ராடன்பெரியும் அதன் ஆசிரியர்கள். கப்பலின் உறுப்புகள் சான்ஃபிரான்சிஸ்கோ கடற்படைத் தளத்தில் செய்யப்பட்டன, முழுக் கப்பல் விண்வெளியில் பொருத்தப்பட்டது, எந்தக் கோளிலும் தரையிறங்கும்படி அது வடிவமைக்கப்படவில்லை என்று அந்நூல் சொல்கிறது. எடை 190,000 டன் என்றும் குறிப்பிடுகிறது. நீளம் 289 மீட்டர்.

இந்த விடையின் வேர் நிஜத்தில் இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேர் ஐலண்ட் தளம் 1854 முதல் இயங்கிவந்தது. அணுசக்தி நீர்மூழ்கிகள்கூட அங்கே கட்டப்பட்டன. அதையும் நகரத்துக்குள்ளேயே இருந்த ஹன்டர்ஸ் பாயிண்ட் தளத்தையும் 1965இல் கடற்படை ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைத்து, சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் கப்பல்தளம் என்று பெயரிட்டது. 1970இல் இரண்டும் மீண்டும் பிரிந்தன. தொடர் ஒளிபரப்பான காலம் முழுக்க அந்த இணைப்பு நடைமுறையில் இருந்தது. நூல் இந்த நிர்வாக ஏற்பாட்டை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் அன்றைய அமெரிக்க வாசகருக்கு அந்தப் பெயர் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் ஆதாரத்தின் தரத்தில் இருக்கிறது. திரையில் வந்ததே கதையின் அதிகாரபூர்வச் செய்தி, துணைநூல்கள் அப்படியல்ல என்பது ஸ்டார் டிரெக் ரசிகர்களிடையே வழங்கும் விதி. திரையில் இதைச் சொன்னது 1974இல் வந்த அனிமேஷன் தொடரின் இறுதி அத்தியாயம். கப்பலின் முதல் தலைவரான ராபர்ட் ஏப்ரல், சான்ஃபிரான்சிஸ்கோ தளத்தில் உறுப்புகள் உருவானபோது தாம் அங்கே இருந்ததாகக் கூறுகிறார். அனிமேஷன் தொடரை அதிகாரபூர்வக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதே நெடுங்காலச் சர்ச்சை. ஆக, மிகப் பழைய விடைக்கு மிக மெலிந்த சாட்சி.

வானிலே ஒரு கப்பல்துறை

விண்கலங்களை விண்வெளியிலேயே கட்டவேண்டும் என்ற எண்ணம் ஸ்டார் டிரெக்குக்கு முந்தியது. 1929இல் ஜே. டி. பெர்னால் சிறுகோள்களின் பொருளைக்கொண்டு வானிலே குடியிருப்புக் கோளம் கட்டுவதைப் பற்றி எழுதினார். 1952இல் ‘காலியர்ஸ்’ இதழில் வெர்னர் ஃபான் பிரௌன் விவரித்த விண்வெளித் திட்டம், சுற்றுப்பாதையில் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்துவதையே அடிப்படையாகக் கொண்டது. பிரின்ஸ்டன் இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ’நீல், 1974இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதிய கட்டுரையில், பெரிய தொழில்களுக்குக் கோளின் தரைதான் ஏற்ற இடமா என்ற ஐயத்தையே மையமாக்கினார். நிலவிலிருந்து மூலப்பொருளை மின்காந்த விசையால் எறிந்து, விண்வெளியில் தொழிற்சாலை அமைக்கலாம் என்பது அவர் கணக்கு.

திரையில் இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது 1979இல் ராபர்ட் வைஸ் இயக்கிய முதல் திரைப்படம். ஒன்றரை ஆண்டு மறுசீரமைப்புக்குப் பிறகு எண்டர்பிரைஸ் பூமிக்கு மேலே சட்டகம் போன்ற ஓர் உலர் துறையில் நிற்கிறது. பொறியாளர் ஸ்காட் சிறு கலத்தில் கர்க்கை ஏற்றிக்கொண்டு கப்பலை ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார். வசனம் அதிகம் இல்லை; டக்ளஸ் டிரம்புல்லின் காட்சித்தந்திரமும் ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசையும் மட்டும் பல நிமிடங்கள் ஓடுகின்றன. படத்தின் மெத்தனத்துக்கு அன்றைய விமர்சகர்கள் இதையே சான்று காட்டினார்கள். ஆனால் ஒரு தலைமுறை ரசிகர்களின் மனத்தில் எண்டர்பிரைஸின் பிறப்பிடமாகப் பதிந்தது இந்தக் காட்சிதான். நுணுகிப் பார்த்தால் அது பழைய கப்பலைப் புதுப்பிக்கும் காட்சி, கட்டும் காட்சி அல்ல. வாதத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் நழுவிவிடுகிறது.

சுற்றுப்பாதைக் கட்சியின் முதல் வாதம் வடிவம். தட்டு, அதைத் தாங்கும் மெலிந்த கழுத்து, பின்னால் உடற்பகுதி, அதிலிருந்து ஒல்லியான கால்களில் நிற்கும் இரண்டு நீண்ட எஞ்சின்கள். தன் எடையைத் தானே தாங்கும் கட்டடத்தின் இலக்கணம் இதில் இல்லை. தரையில் வைத்தால் கழுத்திலும் கால்களிலும் வளைவு விசை குவியும். இரண்டாவது வாதம் எடை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் எடை ஏறத்தாழ 420 டன். அதைக் கட்ட 1998 முதல் 2011 வரை ஆனது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் ஒருமுறைக்குச் சுமார் 140 டன்னைத் தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஏற்றியது. 190,000 டன் கப்பலுக்கு அந்த ராக்கெட்டை 1,350 தடவை ஏவவேண்டும்.

இங்கே ஓர் இடறல் இருக்கிறது. கப்பல் தரையிறங்காது என்ற விதி பொறியியலில் பிறந்ததல்ல. வாராவாரம் புதிய கோளில் கப்பல் இறங்குவதைப் படமாக்க அந்தக்காலத் தொலைக்காட்சியின் பட்ஜெட் இடம்தரவில்லை. அதற்காகவே ஆட்களை ஒளிக்கீற்றாகக் கரைத்துத் தரைக்கு அனுப்பும் கருவி கதைக்குள் வந்தது. பணமுடையால் வந்த ஏற்பாட்டை ரசிகர்கள் பிறகு இயற்கை விதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கதையே அந்த விதியை அவ்வப்போது மீறவும் செய்தது. 1967இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் எண்டர்பிரைஸ் பூமியின் காற்றுமண்டலத்துக்குள்ளேயே பறக்க, அமெரிக்க விமானப்படையின் எஃப்-104 விமானம் அதைத் துரத்துகிறது. காற்றில் மிதந்து நிற்கும் கப்பலைத் தரையில் கட்டினால் உடைந்துவிடும் என்று சொல்வது எளிதல்ல.

வேலைசெய்பவர்களின் நிலைமையும் உண்டு. விண்வெளியில் வெல்டிங் 1969 அக்டோபரிலேயே முயலப்பட்டது. சோயுஸ் 6 கலத்தில் வலேரி குபாசோவ் அந்தச் சோதனையைச் செய்தார். கருவி, வைத்த துண்டுகளோடு கலத்தின் உட்பகுதியையும் பதம்பார்த்தது பின்னரே தெரியவந்தது. 1984 ஜூலையில் சல்யூட் 7 நிலையத்துக்கு வெளியே ஸ்வெத்லானா சவித்ஸ்கயாவும் விளாதிமிர் ஜானிபெகோவும், கீவ் நகரின் பாட்டன் நிறுவனம் செய்த மின்னணுக்கற்றைக் கருவியால் உலோகத்தை வெட்டினார்கள், ஒட்டினார்கள். அதன்பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் விண்வெளியில் வெல்டிங் ஒரு வழக்கமான தொழிலாகவில்லை. விண்வெளி நிலையம் பெரும்பாலும் போல்ட், தாழ்ப்பாள், மின்னிணைப்பு ஆகியவற்றால் இணைக்கப்பட்டது. அதற்கே 160க்கும் மேற்பட்ட விண்நடைகள் தேவைப்பட்டன. தாழ்வான சுற்றுப்பாதையில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலும் இருளும் மாறும்; உலோகம் விரிந்து சுருங்கும். கடற்கரைத் தளங்களிலேயே வெயிலில் கப்பலின் உடல் வளையும் என்பதால், சுழல்தண்டை நேர்பார்க்கும் வேலையை இரவிலோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்வது வழக்கம். நாளொன்றுக்குப் பதினாறு விடியல் காணும் தளத்தில் அந்த வேலை எப்படி நடக்கும் என்று சுற்றுப்பாதைக் கட்சியினர் யோசித்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய்: மங்கிய பதில்

1987இல் தொடங்கிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில், 642 மீட்டர் நீளமுள்ள புதிய எண்டர்பிரைஸின் பலகை செவ்வாயின் யுடோப்பியா பிளனிஷியா தளத்தைக் குறிப்பிடுகிறது. பெயர் நிஜமானது. செவ்வாயின் வடபகுதியில் உள்ள பெரும் சமவெளி அது. 1976 செப்டம்பர் 3 அன்று நாசாவின் வைக்கிங் 2 இறங்கியது அங்கேதான்; 2021இல் சீனாவின் ஜுரோங் ஊர்தி இறங்கியதும் அங்கேதான்.

ஏன் செவ்வாய் என்பதற்குத் தொடர் காரணம் சொல்லவில்லை. ரசிகர்கள் சில காரணங்களைத் தேடிக்கொண்டார்கள். ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதம். விடுபடும் வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டருக்குப் பதில் 5 கிலோமீட்டர். சிறுகோள் பட்டை அருகில். பூமியில் வாழ்பவர்களுக்கு ஆபத்து இல்லை. 2016இல் யுடோப்பியா சமவெளியின் அடியில் சுப்பீரியர் ஏரிக்கு நிகரான அளவு நீர் பனிக்கட்டியாக இருப்பதாக நாசா அறிவித்தது. தொடரை எழுதியவர்கள் அறிந்திருக்க முடியாத செய்தி; ஆனால் அவர்கள் தேர்வுக்கு எதிர்பாராத துணை.

பலவீனங்களும் அதே அளவு தெளிவு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தரையில் நின்றாலும் தொழிலாளிக்கு உடுப்பு வேண்டும். ஈர்ப்பின் சுமையும் வெற்றிடத்தின் சிரமமும் சேர்ந்தே வரும். தளம் தரையிலா சுற்றுப்பாதையிலா என்பதிலும் குழப்பம். ‘வாயேஜர்’ தொடரின் 1999ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்று அத்தொடரின் கப்பல் செவ்வாயைச் சுற்றும் துறையில் நிற்பதைக் காட்டுகிறது. 2020இல் தொடங்கிய ‘பிகார்டு’ தொடரோ, கதைப்படி 2385இல் நடந்த தாக்குதலில் அந்தத் தளம் அழிந்து 92,143 பேர் இறந்ததாகச் சொல்கிறது. அத்தனை பேர் என்றால் அது வெறும் விண்துறை அல்ல, ஒரு தொழில்நகரம். இந்த மூன்றாம் விடையைப் பற்றிய வாதம் ஏனோ சூடுபிடிக்கவில்லை. யாரும் செவ்வாய்க்குப் போய்வரவில்லை என்பதால் யாருக்கும் அதில் உரிமை உணர்வு இல்லை போலும்.

அயோவா வயலில் ஒரு கப்பல்

ஏப்ரம்ஸின் அந்த 2009 படத்தில் இளம் கர்க் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, ரிவர்சைடு தளத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கப்பலை அண்ணாந்து பார்க்கிறான். சுற்றிலும் தட்டையான விளைநிலம். ரிவர்சைடு நிஜமான சிற்றூர். கர்க் அயோவாவில் பிறந்தவன் என்ற பழைய குறிப்பை வைத்து, அவனுடைய எதிர்காலப் பிறப்பிடம் தாங்களே என்று 1985இல் அவ்வூர் அறிவித்துக்கொண்டது. படத்தயாரிப்பாளர்கள் கப்பலை நாயகனின் ஊருக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

எதிர்ப்பு வந்ததும் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரான ராபர்ட்டோ ஓர்சி பதில் சொன்னார். அவருடைய வாதம் சுவையானது. வெளியைச் சுருக்கி விரிக்கும் பயணத்தின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய கப்பல், பூப்போலக் கையாளவேண்டிய மென்கலமாக இருக்க முடியாது. தவிர, அதன் தளங்களில் சுழற்சியால் அன்றி வேறொரு புலத்தால் பூமியின் ஈர்ப்பு உண்டாக்கப்படுகிறது. எந்த ஈர்ப்பை உண்டாக்கவேண்டுமோ அந்த ஈர்ப்பிலேயே வைத்துக் கட்டுவது இயல்பு என்றார்.

முதல் பகுதி வலுவானது. சீறிப் புறப்பட்டு, சட்டென்று திரும்பி, வெடிகுண்டுகளைத் தாங்கும் கப்பலின் உடல், அசையாமல் நிற்கும்போது ஒரு மடங்கு ஈர்ப்பைத் தாங்காது என்றால் அது விந்தை. 1991இல் ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் எழுதிய தொழில்நுட்பக் கையேடு, உடலை இறுக்கிப் பிடிக்கும் ஒரு புலத்தைப் பற்றிப் பேசுகிறது. அது இயங்கும்போது உறுதி கிடைக்கும். கட்டிமுடிக்காத கப்பலில் அது இயங்குமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சாரம் போதும் என்பது தரைக்கட்சியின் பதில்.

இரண்டாம் பகுதி அவ்வளவு தேறாது. நிஜ விண்வெளிப் பொறியியலில் பூமியின் ஈர்ப்பு பெரும்பாலும் தொல்லையாகவே வருகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி 18 துண்டுகளால் ஆனது. தரையில் இருக்கும்போது ஒவ்வொரு துண்டும் தன் எடையால் மிக நுண்ணிய அளவில் தொய்யும். பொறியாளர்கள் அந்தத் தொய்வைக் கணக்கிட்டுக் கழித்தார்கள்; விண்வெளியில் எடையில்லாதபோது ஆடி எந்த வடிவத்துக்குத் திரும்பவேண்டுமோ அதற்கேற்பத் தரையில் தீட்டினார்கள். ஈர்ப்பில் அளவுபார்த்த கருவி ஈர்ப்பில்லாத இடத்தில் அதே அளவைக் காட்டாது என்பது அங்கே அன்றாடப் பாடம். ஓர்சியின் கப்பலுக்குள் செயற்கை ஈர்ப்பு இருக்கலாம். வெளியே, எஞ்சின் கால்களில், அது இருக்கிறதா?

தரைவாதத்துக்கு நிஜ வரலாற்றில் நல்ல துணை ஒன்று உண்டு; வாதிடுபவர்கள் அதை அதிகம் எடுப்பதில்லை. 1958இல் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் தொடங்கிய ஓரியன் திட்டம், சிறு அணுகுண்டுகளை அடுத்தடுத்து வெடித்துத் தரையிலிருந்தே பெருங்கலத்தைக் கிளப்பலாம் என்று ஆராய்ந்தது. டெட் டெய்லரும் ஃப்ரீமேன் டைசனும் அதில் முன்னின்றவர்கள். ஆற்றல் மிகுதியாகக் கிடைத்தால் கிராம்கணக்கில் எடையைக் குறைத்துத் தவிக்கவேண்டியதில்லை, கனத்த எஃகில் கப்பலைப்போலவே கட்டலாம் என்ற துணிச்சல் அங்கே இருந்தது. 1963இன் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் அந்தப் பாதையை அடைத்தது; 1965இல் திட்டம் முடிந்தது. தரையில் கட்டுவது முடியாது என்பதால் அது நிற்கவில்லை. கீழே இருப்பவர்கள் தலையில் கதிரியக்கத் தூசு விழும் என்பதால் நின்றது.

ஆற்றல் கணக்கு என்ன சொல்கிறது

சுற்றுப்பாதைக் கட்சியின் அடித்தளம் செலவு. ஒரு கிலோவைத் தாழ்வான சுற்றுப்பாதையில் நிறுத்தத் தேவையான ஆற்றல், வேகத்தையும் உயரத்தையும் சேர்த்து, சுமார் 33 மெகாஜூல். 190,000 டன்னுக்கு அது ஏறத்தாழ 6,300 டெராஜூல். நமக்கு இது மலைப்பான அளவு. எண்டர்பிரைஸுக்கோ? அது பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழிக்கும் ஆற்றலில் ஓடுவது. அந்த அழிவில் மொத்தப் பொருண்மையும் ஆற்றலாகிறது. கணக்குப் போட்டால் மேற்சொன்ன வேலைக்கு 70 கிராம் போதும்: 35 கிராம் பொருள், 35 கிராம் எதிர்ப்பொருள். நூற்றில் ஒரு பங்குதான் பயன்படும் என்று வைத்தாலும் 3.5 கிலோ எதிர்ப்பொருளுக்கு மேல் ஆகாது. நட்சத்திரங்களுக்கு இடையே ஓடும் கப்பலுக்கு அது ஒரு செலவா?

ராக்கெட்டை 1,350 தடவை ஏவும் கணக்கு நம் காலத்துக்குச் செல்லும், கர்க்கின் காலத்துக்குச் செல்லாது. ஈர்ப்பைத் தடுக்கும் கருவியும் பொருளை இழுத்துத் தூக்கும் கதிரும் உள்ள உலகில், தரையில் கட்டித் தூக்குவது பெரிய காரியமல்ல. இதை ஒப்புக்கொண்டால் சுற்றுப்பாதை வாதத்தின் பாதி கரைந்துவிடுகிறது.

கரையாத பாதி பாதுகாப்பு. அதே 70 கிராம், தவறுதலாகக் கலந்தால், ஒன்றரை மெகாடன் குண்டுக்குச் சமம். நகரத்தின் நடுவே வைக்கக்கூடிய பொருளா அது? சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. 1946இல் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு உள்ளான கப்பல்கள் கதிரியக்கம் நீக்குவதற்காக ஹன்டர்ஸ் பாயிண்ட் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1974இல் தளம் மூடப்பட்டது. 1989இல் அமெரிக்காவின் கூட்டரசு அதை மாசு அகற்றவேண்டிய இடங்களின் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்த வாதம் எரிபொருள் எங்கே நிரப்பவேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. கப்பலை எங்கே கட்டவேண்டும் என்பதை அல்ல. வெறும் கப்பலைக் கீழே கட்டி, மேலே கொண்டுபோய் நிரப்பத் தடையில்லை.

உறுப்பு கீழே, உடல் மேலே

கப்பல் கட்டும் தொழிலே இன்று 1968 நூலின் விடையை நோக்கி வந்திருக்கிறது. பிரிட்டனின் எச்எம்எஸ் குயின் எலிசபெத் விமானந்தாங்கி ஏறத்தாழ 280 மீட்டர் நீளம். எண்டர்பிரைஸோடு பக்கத்தில் நிறுத்தலாம். அதன் பாகங்கள் நாட்டின் ஆறு தளங்களில் தனித்தனியே கட்டப்பட்டு, மிதவைகளில் ஏற்றி, ஸ்காட்லாந்தின் ரோசித்துக்குக் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. 2014இல் அதற்குப் பெயர்சூட்டு விழா நடந்தது. “எங்கே கட்டப்பட்டது?” என்றால் ஒற்றை ஊரைச் சொல்ல முடியாது.

விண்வெளி நிலையத்தின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. அதன் முதல் இரண்டு பகுதிகளான ரஷ்யாவில் கட்டிய சார்யாவும் அமெரிக்காவில் கட்டிய யூனிட்டியும் தரையில் ஒருமுறைகூட ஒன்றையொன்று தொட்டதில்லை. 1998 டிசம்பரில் சுற்றுப்பாதையில்தான் முதன்முதலாக இணைந்தன. பொருந்தின. ஆனாலும் பின்னால் வந்த பகுதிகள் பலவற்றை கென்னடி விண்வெளி மையத்தில் ஒன்றோடொன்று இணைத்துச் சோதித்த பிறகே நாசா மேலே அனுப்பியது. மேலே போய்ப் பிழை தெரிந்தால் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். இதிலிருந்து ஒரு நடுவழி கிடைக்கிறது: உறுப்புகளைத் தரையில் செய்து, தரையிலேயே பொருத்திச் சரிபார்த்து, பிறகு பிரித்து மேலே கொண்டுபோய் இறுதியாக இணைப்பது. அயோவா தளத்தையும் அப்படி ஒரு சோதனைப் பொருத்தலாகக் கொள்ளலாம் என்று சமரசம் பேசும் ரசிகர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான சமரசம், ஆனால் படம் அப்படி எதையும் சொல்லவில்லை.

2016இல் வந்த ‘ஸ்டார் டிரெக் பியாண்ட்’ படத்தின் முடிவு இன்னொரு வழியைத் தொட்டுக்காட்டுகிறது. அடுத்த எண்டர்பிரைஸ், யார்க்டவுன் என்ற மாபெரும் கோளவடிவ விண்நிலையத்தில் கட்டி முடிக்கப்படுவதை விரைவோட்டமாகக் காட்டுகிறார்கள். அந்த நிலையத்துக்குள் காற்றும் ஈர்ப்பும் நகரமும் உண்டு. விண்வெளியில் இருந்துகொண்டே தரையின் வசதிகளோடு வேலைசெய்யலாம். பெர்னாலும் ஓ’நீலும் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். விவாதத்தின் இரண்டு கட்சிகளையும் ஒருசேரத் திருப்திப்படுத்தக்கூடிய இந்த விடையை இரண்டுமே கண்டுகொள்ளவில்லை.

தீராதவை

நான்கு விடைகளையும் அவை பிறந்த ஆண்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. கடற்படைத் தளங்கள் மும்முரமாக இயங்கிய 1960களில் கடற்படைத் தளம். ஸ்கைலேப் பறந்து, ஓ’நீல் எழுதி, விண்ணோடம் தயாராகிக்கொண்டிருந்த 1970களின் முடிவில் சுற்றுப்பாதை. அந்த விண்ணோடங்களில் முதலாவதற்கே ரசிகர்களின் கடிதங்களால் எண்டர்பிரைஸ் என்று பெயர் வந்தது. 1976 செப்டம்பர் 17 அன்று பாம்டேலில் அது வெளியே உருட்டிக் கொண்டுவரப்பட்டபோது தொடரின் நடிகர்கள் வந்து நின்றார்கள். வைக்கிங் படங்கள் பரவிய பிறகு செவ்வாய். அமெரிக்காவின் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவந்த காலத்தில் அயோவாவில் வெல்டிங் தீப்பொறி. இந்தப் பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம். படைப்பாளிகள் இப்படி எண்ணிச் செய்தார்கள் என்று நிறுவ முடியாது. ஆனால் விடைகள் மாறியதற்கு இயற்பியலில் நிகழ்ந்த எந்த மாற்றமும் காரணமல்ல என்பது உறுதி.

இயற்பியலால் தீர்க்கக்கூடியது மிகக் கொஞ்சம். கதை தரும் ஆற்றலை ஏற்றுக்கொண்டால் எந்த இடமும் சாத்தியமே. ஏற்காவிட்டால் கப்பலே சாத்தியமில்லை. கதைச் சான்றை மட்டும் எடுத்தால், கர்க்கின் மூலக் கப்பலுக்கு 1968 நூலின் விடையே நிற்கிறது. உறுப்புகள் சான்ஃபிரான்சிஸ்கோவில், இணைப்பு மேலே. மெலிந்த சாட்சிதான், ஆனால் மறுக்கும் சாட்சி எதுவும் மூலத் தொடரில் இல்லை, நிஜக் கப்பல்தளங்களின் நடைமுறையும் அதனோடு ஒத்துப்போகிறது. 2009 படம் வேறொரு காலக்கோட்டில் நடப்பதாகக் கதையே சொல்லிவிடுவதால், அதன் விடை முதல் விடையை ரத்துசெய்யாது. அயோவாத் தளம் பிழை என்று கூச்சலிட்டவர்களின் வாதம், என் மதிப்பீட்டில், மிகைப்பட்டது. அதற்கு ஓர்சி தந்த ஈர்ப்பு விளக்கமும் தேவையற்றது. நாயகன் பார்க்கும் தூரத்தில் கப்பல் இருக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

யாரும் முறையாகக் கேட்காத கேள்வி மூலப்பொருளைப் பற்றியது. 190,000 டன் உலோகம் எங்கிருந்து வந்தது? பூமியில் தோண்டியது என்றால் தரைத்தளத்துக்கு வலு கூடும். சிறுகோள்களிலிருந்து வந்தது என்றால் அதைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றுவது வீண்வேலை, சுற்றுப்பாதைக்கு வலு கூடும். அறுபதாண்டுத் தொடரும் படங்களும் இதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அயோவாவிலிருந்து கப்பல் எப்படி மேலே போனது என்பதையும் 2009 படம் காட்டவில்லை. தளத்தில் ஒரு காட்சி, மூன்றாண்டு கழித்துப் பூமிக்கு மேலே இன்னொரு காட்சி. அடுத்து வந்த இரண்டு படங்களும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.